இங்கிலாந்துத் தங்கரேக்குக் கண்ணாடி: கைமாறிய வரலாற்றை எப்படிச் சோதிப்பது?

#1 ஏலக்குறிப்பு

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் ஏலத்துக்கு வரப்போகும் ஒரு சுவர்க் கண்ணாடி பற்றி உங்கள் கருத்து வேண்டும். பட்டியலில் உள்ள விவரம்: இரண்டாம் ஜார்ஜ் காலத்தின் கடைசிப் பகுதி, 1755–60 வாக்கில். செதுக்கிய பைன் மரச்சட்டம், மேலே தங்கரேக்கு. உயரம் 183 செ.மீ., அகலம் 97 செ.மீ. உச்சியில் நீண்ட அலகுள்ள பறவை, பக்கங்களில் சி வடிவச் சுருள்கள், கீழே பாறைச் சிப்பி அலங்காரம். கண்ணாடி ஒரே பலகையாக இல்லை. மேலே சிறியது ஒன்று, கீழே பெரியது ஒன்று.

கைமாறிய வரலாறு என்று நாலு வரி போட்டிருக்கிறார்கள். வில்ட்ஷயரில் ஒரு மாளிகைக்காகச் செய்யப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வாரிசு வழியாக வந்தது. 1921இல் அந்த வீட்டுப் பொருள்கள் ஏலம் போனபோது விற்கப்பட்டது. 1958இல் லண்டன் ஏலத்தில் வாங்கப்பட்டு இன்றுவரை ஒரே குடும்பத்திடம்.

பின்பக்கப் படங்கள் ஆறு அனுப்பியிருக்கிறார்கள். பின்பலகையில் கறுப்பு மையில் அச்சுத்தகடு வைத்துத் தேய்த்த எண், பாதி கிழிந்த காகிதச் சீட்டு, சுண்ணக்கட்டியில் எழுதிய ஒரு எண். பலகையை அடித்திருப்பது கம்பி ஆணி. நிலை அறிக்கையில் "தங்கப்பூச்சு புதுப்பிக்கப்பட்டுள்ளது, கண்ணாடிப் பலகைகள் குறித்து உறுதி கூற இயலாது" என்று இருக்கிறது. இந்த நாலு வரியில் எதை நம்பலாம், எதை எப்படிச் சோதிப்பது?

#2 பின்பலகை

முதலில் பட்டியலின் மொழியைப் படிக்கணும் சார். "சொல்லப்படுகிறது" என்ற ஒரு சொல்லுக்கு ஏல உலகில் கனமான பொருள் உண்டு. விற்பவர் சொன்னார், நாங்கள் ஆவணம் பார்க்கவில்லை என்பதுதான் அது. "அநேகமாக" என்றால் காரணம் இருக்கிறது, ஆதாரம் முழுமையில்லை. "இருக்கலாம்" என்றால் அதற்கும் ஒரு படி கீழே. இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் படிப்பதுதான் வாங்குபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அருங்காட்சியகப் பட்டியல் என்றால் நிறுத்தக் குறியைக்கூடக் கவனியுங்கள். அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றில், இரண்டு பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி இருந்தால் பொருள் நேரடியாக ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போனது என்று பொருள். முற்றுப்புள்ளி இருந்தால் நடுவில் தெரியாத இடைவெளி. ஏல நிறுவனங்கள் இதை இவ்வளவு கறாராகப் பின்பற்றுவதில்லை. அதனால் உங்கள் பட்டியலின் அரைப்புள்ளிகளை நம்பி 1921க்கும் 1958க்கும் இடையே ஓட்டை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே 37 வருடம் காலியாகக் கிடக்கிறது.

இனி பின்பக்கம். கறுப்பு மையில் எழுத்தும் எண்ணும் கலந்த அச்சு என்றால் அது பெரும்பாலும் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தின் இருப்பு எண். விற்பனைக்குப் பொருள் உள்ளே வரும்போது போடுவது. அவர்கள் காப்பகத்தில் அந்த எண்ணை வைத்து எந்த ஏலம், எந்த லாட் (ஏலப் பொருளின் வரிசை எண்), யார் கொண்டுவந்து கொடுத்தது என்று தேட முடியும். எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து எழுதிக் கேளுங்கள். அரச மாளிகைப் பொருள் என்றால் கிரீடத்தோடு விஆர் (விக்டோரியா ராணியைக் குறிப்பது) என்ற எழுத்து, ஆண்டு, விண்ட்சர் கோட்டை, அறை எண் என்று சூட்டு முத்திரையே இருக்கும். 1866 பட்டியலுக்காகப் போட்டவை நிறையப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. முத்திரை எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டின் வரலாற்றைத்தான் அது சொல்லும். உங்கள் பின்பலகை கம்பி ஆணியில் நிற்கிறது. கம்பி ஆணி பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1750களில் கொல்லன் அடித்த ஆணி. 1790களிலிருந்து தகட்டில் வெட்டிய ஆணி. ஆணியைப் பிடுங்கிய பழைய துளைகள் சட்டத்தின் பின்புறத்தில் இருக்கிறதா, அவை சதுரமா வட்டமா என்று கேளுங்கள். சதுரத் துளை இருந்து, இப்போதைய பலகையில் அதற்கு நேராகத் துளை இல்லையென்றால், பலகை மாற்றப்பட்டது. அப்போது சுண்ணக்கட்டி எண்ணும் கிழிந்த சீட்டும் மாளிகையைச் சேர்ந்தவை என்று யாரும் சொல்ல முடியாது.

பலகையின் மேற்பரப்பையும் பாருங்கள். பக்கவாட்டில் விளக்கு வைத்துப் படம் எடுத்தால், கை இழைப்புளி போன இடத்தில் மெல்லிய வாய்க்கால் போன்ற அலை தெரியும். வில் போல வளைந்த கோடுகள் வரிசையாக இருந்தால் அது வட்ட ரம்பம். 19ஆம் நூற்றாண்டு மரம். திருகாணி இருந்தால் ஒன்றைக் கழற்றச் சொல்லி முனையைப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் 1840களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு. கூர்முனை என்றால் பிந்தையது.

#3 வெள்ளீயம்

நான் கண்ணாடிப் பக்கம் மட்டும் சொல்கிறேன். "உறுதி கூற இயலாது" என்று எழுதியிருப்பது சோம்பேறித்தனம். பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

நம் ஊரில் "ரசம் போன கண்ணாடி" என்கிறோமே, அந்த ரசம் பாதரசம்தான். 18ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி முழுக்க அப்படித்தான் செய்யப்பட்டது. சமதளக் கல்மேசையில் வெள்ளீயத் தாளைச் சுருக்கமில்லாமல் விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடிப் பலகையை ஒரு ஓரத்திலிருந்து நழுவவிட்டுப் பரப்பி, மேலே எடை ஏற்றுவார்கள். பிறகு மேசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, மிச்சப் பாதரசம் வடிய வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835இல் வெள்ளி படிய வைக்கும் வேதிமுறையைக் கண்டுபிடித்தார். தொழிற்சாலைகள் அதற்கு முழுக்க மாற இன்னும் பல பத்தாண்டு ஆனது.

வேறுபாடு கண்ணுக்கே தெரியும். பாதரசக் கண்ணாடியின் பின்பக்கம் பெரும்பாலும் வண்ணம் பூசப்படாமல், சாம்பல் நிற உலோகமாக, சற்று மினுமினுப்பாக இருக்கும். வெள்ளி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாப்புக்காக வண்ணப்பூச்சு அடித்திருப்பார்கள். முன்பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பாதரசக் கண்ணாடியில் பொடிப்பொடியாகப் படிகங்கள் மின்னும். அழிவும் வேறு மாதிரி. இந்தப் படலம் திடமான வெள்ளீய-பாதரசப் படிகங்களும் அவற்றுக்கிடையே பாதரசம் மிகுந்த திரவமும் சேர்ந்தது. வருடங்கள் போகப் போகத் திரவம் கீழே இறங்கும், வெள்ளீயம் ஆக்சைடாகும். அதனால் கீழ் ஓரத்தில்தான் சேதம் அதிகம். வெள்ளிக் கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகளும் ஓரத்தில் பழுப்புக் கசிவும் வரும்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல துப்பு இருக்கிறது. சேதம் மேல் ஓரத்தில் அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருந்தால், அந்தப் பலகை ஒரு காலத்தில் தலைகீழாகத் தொங்கியிருக்கிறது. அதாவது வேறொரு சட்டத்திலிருந்து எடுத்தது, அல்லது திருப்பிப் போட்டது.

ஓரச் சரிவையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கையால் தேய்த்த பழைய பெவல் அகலமாக, ஆழமே இல்லாமல், எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடாத அளவு மெதுவாக இறங்கும். இயந்திரப் பெவலில் விளிம்பு கத்தி போல் தெரியும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கீழ்க் காடியில், அதாவது சட்டத்தில் பலகை உட்காரும் பள்ளத்தில், குண்டுமணி போல் வெள்ளித் துளிகள் உருண்டால் அது பாதரசம். துடைப்பம், வாக்குவம் எதையும் கொண்டுபோகாதீர்கள், காற்றில் கலந்துவிடும். நைட்ரைல் கையுறை, திறந்த சன்னல், பிளாஸ்டிக் தட்டு. அலுமினியத் தட்டு கூடாது, பாதரசம் அதை அரித்துவிடும். கண்ணாடியைப் படுக்க வைக்கவோ தலைகீழாக நிறுத்தவோ கூடாது. இத்தனை வருடம் எப்படி நின்றதோ அப்படியே நின்று பயணம் செய்ய வேண்டும்.

#4 ஏலக்குறிப்பு

வெள்ளீயம் ஐயா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். இரண்டு பலகை என்பதே பிற்காலத்தில் உடைந்து மாற்றியதற்கு அடையாளம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

#5 வெள்ளீயம்

இல்லை. தலைகீழான முடிவு அது. அந்தக் காலத்தில் பெரிய பலகை கிடைப்பதுதான் அரிது. ஊதிச் செய்யும் முறையில் ஒரு அளவுக்கு மேல் பலகை வராது. பெரிய பலகைகள் வார்ப்பு முறையில் பிரான்சில் செய்யப்பட்டு இறக்குமதியாயின. இங்கிலாந்தில் வார்ப்புக்கென்று பிரிட்டிஷ் காஸ்ட் பிளேட் கிளாஸ் கம்பெனி உருவானது 1773இல்தான். லங்காஷயரில் செயின்ட் ஹெலன்ஸ் அருகே ரேவன்ஹெட்டில் அதன் ஆலை. அதற்கு முன் லண்டன் வாக்ஸ்ஹால் கண்ணாடிக்குப் பெயர் இருந்தது. போதாக்குறைக்கு 1745 சட்டத்தில் கண்ணாடிக்கு எடை வரி; நூறு வருடம் கழித்து 1845இல்தான் எடுத்தார்கள். பலகை பெரிதாகப் பெரிதாக விலை பலமடங்கு ஏறும். உயரமான கண்ணாடிக்கு இரண்டு பலகையைச் சேர்ப்பது அன்று இயல்பான வழி.

இதிலிருந்து இன்னொன்றும் வரும். செதுக்கிய சட்டத்தைவிடக் கண்ணாடிக்கு அதிகம் செலவானதால், பழைய பலகையைத் தூக்கி எறிய மாட்டார்கள். புதுச் சட்டத்தில் பழைய பலகை, வெட்டிக் குறைத்த பலகை என்பதெல்லாம் 18ஆம் நூற்றாண்டிலேயே நடந்தவை. சட்டத்தைவிடக் கண்ணாடி 40 வருடம் பழையதாக இருப்பதில் திகைக்க ஒன்றுமில்லை.

#6 ரேக்கு

பூச்சு பற்றி. "புதுப்பிக்கப்பட்டுள்ளது" என்பதற்குள் ஒரு சின்ன ஒட்டுவேலையும் அடங்கும், முழுச் சட்டத்தையும் வழித்துவிட்டு மறுபடி பூசியதும் அடங்கும். எது என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வேலை முறையைத் தெரிந்துகொண்டால் கேள்வி கேட்பது எளிது. பைன் மரத்தைச் செதுக்கிய பிறகு, தோல்பசையில் குழைத்த சுண்ணப்பொடியைச் சூடாக எட்டுப் பத்துக் கோட் அடிப்பார்கள். தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் மக்கு என்கிறார்களே, அதற்கு நெருக்கமான சமாசாரம். அது காய்ந்ததும் செதுக்கின் கூர்மை மழுங்கிப்போகும். அதனால் மக்கின்மேலேயே மறுபடி உளி போட்டு இலை நரம்பு, இறகு எல்லாவற்றையும் கீறி எடுப்பார்கள். இந்த இரண்டாவது செதுக்குதான் நல்ல பட்டறையின் கையெழுத்து. அதன்மேல் நைசான களிமண், சிவப்போ மஞ்சளோ. பளபளக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் தடவி ரேக்கை ஒட்டி அகேட் கல்லால் தேய்ப்பார்கள். மங்கலாக விட வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் பசைமேல் ரேக்கு. அதைத் தேய்த்து மெருகேற்ற முடியாது.

ஒரே சட்டத்தில் பளபளப்பும் மங்கலும் இரண்டும் இருந்து, மேடுகளில் களிமண் நிறம் கொஞ்சம் எட்டிப்பார்த்தால் நல்ல குறி. எல்லா இடமும் ஒரே மாதிரி மினுக்கினால் சந்தேகப்படுங்கள். பழுப்பேறி, பள்ளங்களில் பச்சை ஓடியிருந்தால் அது தங்கமே இல்லை, பித்தளைத் தூள் கலந்த வண்ணம். அதன் கீழே பழைய பூச்சு உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. அது நல்ல செய்திதான், ஆனால் அதை வெளியே எடுக்கும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூச்சையெல்லாம் உரித்து வெறும் பைன் மரமாகக் காட்டும் ஆசை ஒன்று இருந்தது. அப்படி உரித்தவற்றில் சில பிறகு மறுபடி தங்கமாயின. அவற்றில் மேலே சொன்ன இரண்டாவது செதுக்கு காணாமல் போயிருக்கும். பறவையின் இறகைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கோடுகள் கூர்மையாக, மக்குக்குள்ளேயே வெட்டியதாகத் தெரிகிறதா, மொழுக்கென்று இருக்கிறதா?

சந்தேகம் தீரணுமென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குண்டூசித் தலையளவு மாதிரி எடுத்துக் குறுக்குவெட்டாக நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மக்கு, களிமண், தங்கம், அழுக்கு, மறுபடி மக்கு, தங்கம் என்று அடுக்கு எண்ணிவிடலாம். புறஊதா விளக்கும் உதவும். அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும்.

அலங்காரங்களில் குறுக்கே, ஏறக்குறைய சம இடைவெளியில் விரிசல் இருந்தால் அது மரமில்லை. சுண்ணம், பிசின், ஆளிவிதை எண்ணெய், வஜ்ஜிரம் கலந்து அச்சில் அழுத்திய கலவை. காய்ந்து சுருங்கும்போது அப்படித்தான் வெடிக்கும். மரத்தில் விரிசல் நார் போகும் திசையில் ஓடும். அந்தக் கலவை இங்கிலாந்தில் பரவியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1755 என்று சொல்லும் சட்டத்தின் முக்கியப் பகுதி கலவையாக இருந்தால், அது பழுதுபார்த்த துண்டு, அல்லது மொத்தமுமே 1830–50களில் மறுபடி மோஸ்தரான ரொக்கோகோ, அதாவது சுருளும் சிப்பியுமான 18ஆம் நூற்றாண்டுப் பாணி.

தயவுசெய்து யாரும் ஈரத்துணியால் துடைக்கவேண்டாம். தண்ணீர்முறைத் தங்கம் ஒரே துடைப்பில் போய்விடும், கீழே சிவப்பு மண் இளிக்கும்.

#7 சுவடிப்பெட்டி

ஆவணப் பக்கம் நான் வருகிறேன். இந்தக் கண்ணாடிகளில் உறுதியான வரலாறு எப்படி இருக்கும் என்று தெரிய, சாமர்செட்டில் ஹின்டன் மாளிகைக்காக இரண்டாம் எர்ல் பூலட்டுக்கு 1745 வாக்கில் மரச்செதுக்குக் கலைஞர் மத்தயாஸ் லாக் செய்த கண்ணாடியைப் பாருங்கள். லாக்கின் வரைபடங்கள் இருக்கின்றன. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று அவரே அவற்றில் குறித்திருக்கிறார். கண்ணாடியும் வரைபடமும் இரண்டுமே இப்போது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். இன்னொன்று, கண்ணாடி செய்து விற்ற ஜான் கம்லி. ஹாம்டன் கோர்ட் அரண்மனைக் கண்ணாடி ஒன்றின் தங்கப்பட்டையில் அவர் பெயரே செதுக்கியிருக்கிறது. இந்த அளவுக்குக் கிடைப்பது அபூர்வம். மற்றவற்றுக்கு நாம் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியதுதான்.

முதலில் 1921 ஏலப் பட்டியலைத் தேடுங்கள். அதே அருங்காட்சியகத்தின் தேசியக் கலை நூலகத்தில் பழைய ஏலப் பட்டியல்கள் ஏராளம். வீட்டு ஏலம் அறை அறையாகப் போகும். லாட் எண்ணோடு எந்த அறை என்பதும் கிடைக்கும். விலையும் வாங்கியவர் பெயரும் ஓரத்தில் பேனாவால் குறித்த பிரதி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஸ்டோ மாளிகை 1848இல் 40 நாள் ஏலம் போனபோது விலையும் வாங்கியவர் பெயரும் சேர்த்தே அச்சிட்டுப் புத்தகமாக வந்தது. அந்த வீட்டுப் பொருளைத் தேடுபவர்களுக்கு அது வரம்.

அடுத்து கன்ட்ரி லைஃப் இதழ். 1897இலிருந்து மாளிகைகளின் உள்ளறைப் படங்கள் போடுகிறார்கள். 1921க்கு முந்தைய இதழில் அந்த வீடு வந்திருந்தால், சுவரில் கண்ணாடி தொங்குவதையே பார்த்துவிடலாம். படத்தில் பறவையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த இலை உடைந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். வடிவம் ஒத்திருப்பது போதாது, சேதம் ஒத்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் போக, குடும்பப் பத்திரங்கள். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பொருள் பட்டியல், உயில், தச்சரின் பில். கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடினால் எந்தக் குடும்பத்தின் தாள்கள் எங்கே என்று வரும். ஹோர், டிரம்மண்ட் போன்ற தனியார் வங்கிகளின் பேரேட்டில் தச்சருக்குப் பணம் கொடுத்த வரி கிடைப்பதுண்டு. தச்சர் பெயர் தெரிந்தால் பிரிட்டிஷ், ஐரிஷ் தச்சர்களுக்கான பிஃப்மோ தளத்தில் தேடுங்கள்.

பில்லையும் பட்டியலையும் படிக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, கண்ணாடிக்கு அளவு கொடுத்தால் அது பெரும்பாலும் பலகையின் அளவு, அங்குலத்தில். சட்டத்தின் வெளியளவு அல்ல. காசு பலகைக்குத்தானே! 183க்கு 97 என்ற பட்டியல் அளவை அதோடு ஒப்பிட்டு "பொருந்தவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு, அந்தக் கால ஆங்கிலத்தில் ஸ்கான்ஸ் என்றால் மெழுகுவத்திக் கைகள் பொருத்திய கண்ணாடியையும் குறிக்கும். கண்ணாடி என்ற சொல்லை மட்டும் தேடுபவர்கள் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

#8 காரைவீடு

இடையில் ஒரு சிறு கேள்வி. செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளுக்கும் இந்தச் சோதனைகள் பொருந்துமா?

#9 வெள்ளீயம்

காலம் வேறு. அந்த வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை எழுந்தவை. அதனால் வெள்ளி படிந்த கண்ணாடியைத்தான் அதிகம் எதிர்பார்க்கலாம். பின்னால் வண்ணப்பூச்சு இருக்கிறதா, டார்ச் வெளிச்சத்தில் படிகம் மின்னுகிறதா என்ற இரண்டு சோதனையும் அங்கேயும் செல்லும். ரசம் போய்விட்டது என்று மறுபடி பூசக் கொடுக்காதீர்கள். இங்கிலாந்துக் கண்ணாடியோ காரைக்குடிக் கண்ணாடியோ, பழைய படலத்தைச் சுரண்டினால் அதன் வயதுக்கு இருந்த சாட்சி போய்விடும்.

#10 நடுப்புள்ளி

ஒரு மாற்றுக் கருத்து. பலகை மாறியது, பூச்சு மாறியது, பின்பலகை மாறியது என்று கழித்துக்கொண்டே போனால், "இந்தக் கண்ணாடி அந்த மாளிகையில் இருந்தது" என்ற வாக்கியத்துக்கு என்ன மிச்சம்? மாளிகையில் இருந்தது செதுக்கிய மரம் மட்டும்தானா?

#11 சுவடிப்பெட்டி

ஆமாம், பல சமயம் அவ்வளவுதான். அதை அப்படியே சொல்வதுதான் நேர்மை. சட்டம், மேல் பலகை, கீழ்ப் பலகை, தங்கம், பின்பலகை என்று ஐந்துக்கும் தனித்தனி வரி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியிலிருந்து சான்று இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரு பில்லோ முத்திரையோ கிடைத்தால், அது இந்த ஐந்தில் எதைத் தொடுகிறது என்று கேளுங்கள். ஒன்றைத் தொட்டதை ஐந்துக்கும் பரப்புவதால்தான் அழகான பொய் வரலாறுகள் பிறக்கின்றன. விற்பவர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஜோடிக் கண்ணாடிகளில் இது இன்னும் முக்கியம். பாகப்பிரிவினையில் ஜோடி பிரியும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் புதிதாகச் செதுக்கிச் சேர்ப்பார்கள். முன்பக்கம் ஒத்துப்போகும். பின்பக்கத்தில் உளித்தடமும் மரத்தை ஒட்டிய விதமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

#12 உரிமைப்பத்திரம்

சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. "வாரிசு வழியாக வந்தது" என்று எழுதுவது எளிது, ஆனால் பெரிய குடும்பங்களில் பொருள்கள் உயிலாலோ குடும்ப ஏற்பாட்டாலோ வீட்டோடு கட்டப்பட்டிருக்கும். அப்போதைய வாரிசுக்கு அனுபவிக்கும் உரிமை உண்டு, விற்கும் உரிமை கிடையாது. 1882 செட்டில்டு லேண்ட் சட்டம் வந்த பிறகு நீதிமன்ற அனுமதியோடு விற்கலாம் என்றானது. 1894இல் எஸ்டேட் வரி, அதாவது இறந்தவர் சொத்துமீதான வரி, வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வீடு வீடாக ஏலம் போனது. 1921 என்ற தேதி அந்த அலைக்குள் இயல்பாக உட்காருகிறது. நீதிமன்ற அனுமதி வாங்கியிருந்தால், அந்த வழக்குத் தாளோடு பொருள் பட்டியலும் இணைத்திருக்க வாய்ப்புண்டு. தேடிப் பாருங்கள்.

1921–1958 இடைவெளிக்குள் 1933–45 வருகிறது. பொருள் அந்தக் காலத்தில் ஐரோப்பியக் கண்டத்தில் இருந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள். நாஜிகள் பறித்த பொருள்கள் பற்றிய வாஷிங்டன் கோட்பாடுகள் 1998இல் வந்த பிறகு, பொறுப்பான ஏல நிறுவனம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கக் கூடாது. திருடுபோன கலைப்பொருள்களைப் பதிந்து வைக்கும் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் சான்றிதழ் கொடுத்தால் வாங்கி வையுங்கள். ஆனால் அதன் பொருள், தேடிய நாளில் அவர்கள் பட்டியலில் இது இல்லை என்பது மட்டும்தான்.

இங்கிலாந்தில் 1980 காலவரையறைச் சட்டப்படி திருடனுக்குக் கெடு ஓடாது. திருட்டோடு தொடர்பில்லாத ஒருவர் நல்லெண்ணத்தோடு முதன்முதலாக வாங்கிய நாளிலிருந்துதான் ஆறு வருடம் எண்ணப்படும். ஆகவே 1958இல் யார், யாரிடம், என்ன ரசீதோடு வாங்கினார் என்பது வெறும் வரலாற்று ஆர்வமில்லை. அந்த ரசீதின் நகலைக் கேளுங்கள்.

#13 ஏலக்குறிப்பு

எல்லாரும் சொன்னபடி கேட்டேன். பதில்கள் வந்துவிட்டன.

கறுப்பு எண் 1958 ஏலத்துடையதுதான் என்று காப்பகம் உறுதி செய்தது. சட்டத்தின் பின்புறத்தில் சதுரத் துளைகள் இருக்கின்றன, இப்போதைய பலகையில் அவற்றுக்கு நேர்த்துளை இல்லை. மேல் பலகையின் பின்பக்கம் சாம்பல் நிறம், சேதம் கீழ் ஓரத்தில். கீழ்ப் பலகைக்குப் பழுப்பு வண்ணப்பூச்சு, கூர்மையான பெவல். பறவை இறகில் கோடுகள் கூர்மையாக இருக்கின்றன. பக்கச் சுருள்கள் மொழுக்கென்று. குறுக்கு விரிசல் எங்கும் இல்லை. கீழ்ச் சட்டத்தில் மரத்தக்கை அடித்து அடைத்த இரண்டு ஜோடித் துளைகள், நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரத்தில்.

விற்பவர் ஒரு பழைய பொருள் பட்டியலின் நகலையும் காட்டுகிறார். அந்த மாளிகையுடையது, 1770களில் எழுதியது. வரவேற்பறையில் தங்கச் சட்டத்தில் பியர் கிளாஸ் (சன்னல்களுக்கு நடுவே சுவரில் மாட்டும் உயரமான கண்ணாடி), ஒரே பலகை, 62க்கு 34 அங்குலம். அதுதான் இது என்கிறார். சட்டத்தின் காடி அகலத்தையும் அளந்து வாங்கினேன், 78 செ.மீ.

#14 பின்பலகை

34 அங்குலம் என்றால் 86 செ.மீ.க்கு மேல். 78 செ.மீ. காடிக்குள் அது போகவே போகாது. பலகையை மாற்றினார்கள் என்ற சமாதானமும் இங்கே செல்லாது. சட்டத்தையே குறுக்கியிருந்தால்தான் முடியும். அதற்கு மேல்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் நடுவே வெட்டி ஒட்டிய தடம் இருக்கும், சிப்பியின் வரிகள் நடுவில் தடுமாறும். பின்படத்தில் அப்படி எதுவும் இல்லை. வரவேற்பறைக் கண்ணாடி இது இல்லை.

#15 சுவடிப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நகலை மடித்து வைத்துவிடாதீர்கள். வரவேற்பறைப் பக்கத்தை மட்டும்தானே காட்டினார்கள்? பட்டியல் முழுவதையும் கேளுங்கள். உங்கள் கீழ்ச்சட்டத்துத் தக்கைத் துளைகள் மெழுகுவத்திக் கைகள் திருகிய இடம் போலத்தான் தெரிகிறது. ஆக நீங்கள் தேட வேண்டிய வரி ஸ்கான்ஸ், இரண்டு பலகை, இரண்டு கைகள் என்று வேறொரு அறையில் இருக்கலாம். பலகையளவு கொடுத்திருந்தால், மேல் பலகையின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். அது ஒன்றுதான் ஆதிப்பலகையாக இருக்க வாய்ப்புள்ளது. கீழ்ப் பலகையை அளப்பதில் பயனில்லை, அது பிற்காலத்தது.

அப்படி ஒரு வரி கிடைத்தால், பட்டியலில் "அநேகமாக" என்று போடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மாளிகை வரியையே எடுக்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் 1958க்குமான தொடர்பு மட்டும் நிற்கிறது. ஒரு நுணுக்கம்: 1958 ஏலப் பட்டியலில் பலகைகள் பற்றி என்ன எழுதியிருந்தார்கள், படம் போட்டார்களா என்று அதே காப்பகத்திடம் கேளுங்கள். அந்தப் படத்தில் கீழ்ப் பலகைக்கு ஏற்கெனவே கூர்மையான பெவல் இருந்தால், மாற்றியது இந்தக் குடும்பம் இல்லை.

#16 ரேக்கு

பக்கச் சுருள்கள் மொழுக்கென்று இருப்பதற்குத் தனிக் காரணம் இருக்கும். தூக்கும்போது கைபடும் இடம் அதுதான். அங்கே மட்டும் மறுபூச்சு போட்டிருப்பார்கள், பறவையைத் தொட்டிருக்க மாட்டார்கள். குறுக்குவெட்டுக்கு மாதிரி எடுக்க அனுமதித்தால் பறவையின் கழுத்துக்குப் பின்னால் ஒன்று, சுருளில் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பறவையில் ஒரே அடுக்குத் தங்கமும் சுருளில் இரண்டும் வந்தால், நீங்கள் வாங்கப்போவதில் மிக நல்ல பகுதி அந்தப் பறவைதான். எடுத்து வரும்போது அதைத் தனி நுரைக்கூடு வைத்துக் கட்டச் சொல்லுங்கள், அலகில் கயிறு படக் கூடாது.